பி.எம். (ப்ராடக்ட் மேனேஜர்) இன்டர்வியூவில் உங்களிடம் என்ன கேட்டார்கள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி பயணி:

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. பிளேஸ்மென்ட் முடிந்து ஆஃபர் வந்துவிட்டது. ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு, அதாவது ஒரு ஆப்போ பொருளோ யாருக்கு, எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்கிற வேலைக்கு, தயாராகும் ஜூனியர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த ஃப்ரேம்வொர்க் (பதில் சொல்வதற்கான ரெடிமேட் சட்டகம்) படிக்கட்டும் அண்ணா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெங்களூரு நிறுவனம் ஒன்று. இன்டர்வியூ எடுத்தவர் ரெஸ்யூமேயில் ஊரைப் பார்த்துவிட்டு, "காட்பாடி ஜங்ஷனில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்?" என்றார். மாக் (ஒத்திகை) இன்டர்வியூக்களில் பழகியபடி என்றால் ஊர் மக்கள்தொகையில் தொடங்கி, இத்தனை சதவீதம் பயணிகள், அதில் இத்தனை பேர் டீ குடிப்பவர்கள் என்று இறங்கி வரவேண்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சென்னை–பெங்களூரு பாதையில் இருக்கிற ஸ்டேஷன். அங்கே டீ வாங்குகிற பலர் காட்பாடியில் இறங்கவே மாட்டார்கள். நிறைய வண்டிகள் இரண்டு நிமிடம் நின்று கிளம்பிவிடும். அதற்குள் ஒரு ஆள் எத்தனை கப் ஊற்றிக் கொடுத்து, காசு வாங்கி, சில்லறையும் தரமுடியும்? ஆறு என்று வைத்துக்கொண்டேன். வண்டிக்குப் பத்து வியாபாரிகள், நாளைக்கு நூறு வண்டி என்றால் 6,000 கப். பிளாட்பாரக் கடைகளுக்கு ஒரு 4,000. ஆக 10,000.

அந்த எண் சரியா தப்பா என்று அவர் கேட்கவே இல்லை. "வண்டி ஐந்து நிமிடம் நின்றால் விற்பனை இரண்டரை மடங்காகுமா?" என்றார். ஆகாது. இரண்டு நிமிடத்தில் கை போதவில்லை. ஐந்து நிமிடத்தில் குடிக்க ஆள் போதாது. அதோடு, நேரம் இருந்தால் ஆட்கள் இறங்கிக் கடைக்கே போய்விடுவார்கள், கேன் தூக்குகிறவருக்கு வியாபாரம் குறைந்தாலும் குறையும் என்றேன். அதற்கப்புறம் இன்டர்வியூ போலவே இல்லை, அரட்டை போலப் போனது.

பாலாற்றங்கரை:

ராணிப்பேட்டை. பி.காம். முடித்து, ஷூ ஏற்றுமதி கம்பெனியில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு எம்.பி.ஏ. சேர்ந்தேன். கோடிங் தெரியாதவளை யார் எடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். கேட்டது இதுதான்: "யு.பி.ஐ.யில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. என்ன நடந்திருக்கும், திரையில் என்ன காட்டுவீர்கள்?"

பணம் போகிற வழியைத் தாளில் வரைந்தேன்: ஆப், என் வங்கி, நடுவில் யு.பி.ஐ.யை நடத்துகிற என்.பி.சி.ஐ., அந்தப் பக்கம் கடைக்காரரின் வங்கி. எந்த இடத்தில் பதில் வராமல் நின்றிருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி தெரிந்திருந்தது கைகொடுத்தது. தனி ஆளுக்கு அனுப்பிய பணம் என்றால் மறுநாளுக்குள், கடைக்கு என்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. அதனால் சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்துக்குப் பதில், பணம் திரும்பும் கடைசித் தேதியைக் காட்டுவேன் என்றேன்.

விடவில்லை. "கடை முன்னால் நிற்கிறவருக்குத் தேதி எதற்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்க நிற்கிறோம், பின்னால் கூட்டம். அந்த நேரத்தில் தெரியவேண்டியது மறுபடி பணம் கட்டணுமா வேண்டாமா என்பதுதான். அதைக் கடைக்காரர் நம்பவும் வேண்டும். ஆகவே நிலவரம் இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் தெரியணும் என்று பதிலை மாற்றினேன்.

ஃப்ரேம்வொர்க் தேவையே இல்லை என்கிற தொனியில் அண்ணன் எழுதியிருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. கை நடுங்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

குடியாத்தத்தான்:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்கிறவன், பெங்களூரில். தங்கை சொல்வதும் சரிதான். ஆனால் முக்கால்வாசிப் பேர் "மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், முதியவர்கள்" என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, மூவருக்கும் ஒரே ஆப் செய்கிறார்கள்.

ஒரு வேலூர்ப் பெண்ணிடம் மருத்துவத்துக்கு ஒரு ஆப் வடிவமைக்கச் சொன்னேன். நோயாளியை விட்டுவிட்டார். மேற்கு வங்காளத்திலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு கூடவந்து, காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கும் மகனை எடுத்துக்கொண்டார். அவனுடைய பெரிய தலைவலி, எத்தனை நாள் தங்கணும் என்று தெரியாதது. ஒரு டெஸ்ட் இன்னொரு டெஸ்ட்டில் கொண்டுபோய் விடும்; ஹவுரா டிக்கெட்டை ரத்து செய்து செய்து போடவேண்டும். அதனால் அந்தச் சிகிச்சைக்கு வழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று முதல் நாளே சொல்லும் வசதி. எதை வைத்து வெற்றி என்று அளப்பீர்கள் என்றேன். டவுன்லோடு இல்லை, ரத்தாகிற திரும்பும் டிக்கெட் குறைகிறதா என்று பார்ப்பேன் என்றார். மொழிபெயர்ப்பு வேண்டாமா என்று சீண்டினேன். "அந்தத் தெருவில் கடைக்காரர்களே இந்தியும் வங்காளமும் பேசுவார்கள் சார், அது இரண்டாவது வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

மார்க்கெட்டிங் படித்தவர்கள் கூச்சப்படவேண்டாம். இந்த வேலைக்கு வேரே அங்கேதான். 1931-ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒரு பிராண்டுக்கு முழுப் பொறுப்பாக ஆட்கள் வேண்டும் என்று எழுதிய மெமோவில் தொடங்கியது என்பார்கள்.

பாலாற்றங்கரை:

அந்தப் பெண்ணை எடுத்தீர்களா அண்ணா?

குடியாத்தத்தான்:

எடுக்கலாம் என்றுதான் நான் எழுதிக்கொடுத்தேன். அடுத்த சுற்றில் எஸ்.கியூ.எல். (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) கேட்டிருக்கிறார்கள், அங்கே நின்றுவிட்டது. அதில் ஜாயின், குரூப் பை என்கிற இரண்டையும் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள், ஒரு வாரம் போதும்.