முடிவில் எதுவும் அழியாத காலப்பயண எபிசோட் தேவை

தங்கைக்குக் காலப்பயண எபிசோடுகளைக் காட்டி வந்தேன், இப்போது நின்றுவிட்டது. கடைசியில் எல்லாம் பழையபடி ஆகி, நடந்ததே இல்லை என்றாகிவிட்டால் அவளுக்குப் பிடிப்பதில்லை.

நிறுத்தியது ஸ்டார் ட்ரெக் வாயேஜரின் 'இயர் ஆஃப் ஹெல்' (1997). இரண்டு பாகம் முழுக்க விண்கப்பல் சிதைகிறது, ஆட்கள் சாகிறார்கள். அப்புறம் ஒரு மோதலில் அத்தனையும் அழிந்து கதை முதல் நாளுக்கே திரும்புகிறது. எனக்கும் இது ஆகவே ஆகாது.

டாக்டர் ஹூவின் 'பிளிங்க்' (2007) பிடித்தது. கடந்த காலத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் அங்கேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். என் முதலிடம் பழைய ஸ்டார் ட்ரெக் தொடரின் 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' (1967). தான் காதலிக்கும் ஈடித் சாவதை கேப்டன் கிர்க் தடுக்காமல் நிற்கும் அந்த வலி அழிவதே இல்லை. அதையும் ரசித்தாள்.

தொடரை முன்பு பார்க்காதவருக்கும் புரிகிற, முடிவு நிலைத்து நிற்கிற வேறு எந்த எபிசோடை அடுத்து போடலாம்?