மலரில் ஒரே வரி: பழைய விக்ராந்தின் ஸ்டோக்கர் ஒருவரை நினைத்து

கடலோடி:
பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் ஸ்டோக்கராக, அதாவது கொதிகலன் அறை ஆளாக ஏறி, மூத்த மாலுமிப் பதவியான சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்குப் படத்திறப்பு வருகிறது. நினைவு மலருக்கு வீட்டார் எழுதி வைத்திருப்பது ஒரே வரி: "கடற்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றினார்." அந்த 24 ஆண்டும் என்ன செய்தார் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தத் தலைமுறையோடு பழகியவர்கள், அவர்கள் வாயால் கேட்டவர்கள் எழுதுங்கள். வீரம், தியாகம் எல்லாம் மேடையில் பேசிவிடுவார்கள். இங்கே வேலையைச் சொல்லுங்கள்.

நீராவி:
ஸ்டோக்கர்களிடம் பேச்சுக்கொடுத்தால் போர்க்கதை வராது, தண்ணீர் மட்டம்தான் வரும். விக்ராந்தில் நான்கு கொதிகலன்கள், மூன்று டிரம் (உருளைத் தொட்டி) வைத்த அட்மிரால்டி வகை. சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அழுத்தம். நான்கும் சேர்ந்து கப்பலின் சுழலிகளைச் சுற்றும் இரண்டு தண்டுகளுக்கு 40,000 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் காவல், உள்ளே தண்ணீர் மட்டத்தைக் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாய், கேஜ் கிளாஸ்.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. கண்ணாடி நிறையத் தண்ணீர் இருந்தாலும், ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால் பார்த்தால் மட்டும் போதாது. வடிகாலைத் திறந்து, நீராவி வழியையும் நீர் வழியையும் மாற்றி மாற்றி அடைத்துத் திறந்து, இரண்டும் அடைபடாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மட்டம் கண்ணாடிக்குக் கீழே போய்விட்டால் முதல் வேலை அடுப்புக்குப் போகும் எண்ணெயை நிறுத்துவது. பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது புதியவர் செய்யும் தப்பு. காய்ந்து பழுத்த குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் குழாய் பிளக்கும்.

இன்னொரு தப்பு சோம்பலால் வருவது. அடுப்பு அணைந்துவிட்டால், செங்கல் சுவர் இன்னும் சூடாகத்தானே இருக்கிறது, தானே பிடித்துக்கொள்ளும் என்று எண்ணெயைத் திறப்பது. உள்ளே தேங்கிய ஆவி ஒரே மூச்சில் பற்றி, தீ முன்பக்கமாக ஆளின் மேலேயே சீறும். விசிறியை ஓட்டி உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, பந்தத்தை நீட்டித்தான் பற்றவைக்க வேண்டும். புகைபோக்கியில் கறுப்பாக வந்தால் காற்று குறைவு, வெள்ளையாக வந்தால் காற்று அதிகம். பகலில் கப்பலைக் காட்டிக்கொடுக்க அந்தக் கரும்புகை ஒன்றே போதும்.

மேல்தளம்:
1971 போரை விட்டுவிட்டீர்களே. போருக்கு முந்தைய ஆண்டே கொதிகலன் நீர் டிரம்களில் விரிசல் கண்டுபிடித்தார்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியாத இடம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வைத்து ஓட்டினார்கள், வேகம் அடிபட்டது. விமானந்தாங்கிக்கு வேகம் வெறும் வேகம் இல்லை. கப்பல் எதிர்காற்றில் ஓடினால்தான் மேல்தளத்தில் காற்று வீசும், அந்தக் காற்று இருந்தால்தான் அலீசே விமானம் தைரியமாக எழும்பும். வங்கக் கடலில் காற்றே இல்லாத நாட்களும் உண்டு. அப்படி இருந்துதான் டிசம்பர் 4 அன்று அதன் ஸீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. படம் பிடித்தவர்கள் விமானத்தைப் பிடித்தார்கள். கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது கப்பலை நடத்தும் பிரிட்ஜிலிருந்து வரும் மணியும் அழுத்தமானியின் முள்ளும்தான்.

லோனாவாலா:
வீட்டார் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதானால் ஒரு எச்சரிக்கை. ஐ.என்.எஸ். என்று போட்டதெல்லாம் கப்பல் அல்ல. கரையில் உள்ள பயிற்சிப் பள்ளிக்கும் முகாமுக்கும் அதே முன்னொட்டுத்தான். சிவாஜி லோனாவாலா மலைமேல் இருக்கும் எஞ்சினியரிங் பள்ளி. வல்சுரா ஜாம்நகரில் எலெக்ட்ரிக்கல். துரோணாச்சாரியா கொச்சியில் பீரங்கிப் பயிற்சி. அஸ்வினி மும்பையில் மருத்துவமனை. நம் பக்கத்துக் கட்டபொம்மன் திருநெல்வேலி விஜயநாராயணத்தில், ராஜாளி அரக்கோணத்தில். "சிவாஜி கப்பலில் கடலைக் கடந்தார்" என்று அச்சடித்த மலர்கள் உண்டு. லோனாவாலாவிலிருந்து கடலைப் பார்க்க ரயில் பிடிக்க வேண்டும்.

பெயர் திரும்ப வருவதும் குழப்பும். விக்ராந்த் என்றால் 1961 மார்ச் 4 முதல் 1997 ஜனவரி 31 வரை இருந்தது ஒன்று, 2022-இல் சேர்ந்தது இன்னொன்று. குக்ரி போர்க்கப்பலும் இரண்டு. 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே கேப்டன் முல்லா உட்பட 18 அதிகாரிகளோடும் 176 மாலுமிகளோடும் மூழ்கியது முதலாவது. ஆகவே கப்பல் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு கட்டாயம்.

நீராவி:
தண்ணீர் பற்றி ஒன்று விட்டுப்போனது. கொதிகலனுக்குப் போகும் நீரைக் கப்பலே கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும். நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் குழாய் ஒன்று ஓட்டையானால் உப்புநீர் கலந்துவிடும். அதைப் பிடிக்கச் சிறு புட்டியில் மாதிரி எடுத்து, சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். உப்பு ஏறினால் தண்ணீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து போய் டர்பைன் தகடுகளைக் கெடுக்கும். நல்ல தண்ணீரில் முதல் பங்கு கொதிகலனுக்கு, மிச்சம்தான் ஆளுக்கு. அந்தப் பெரியவர்கள் அரை வாளியில் குளித்து முடிப்பதைக் கஞ்சத்தனம் என்று வீட்டில் சிரிப்பார்கள். பழக்கம் அங்கே ஒட்டியது.

நடுச்சாமம்:
தூக்கமும் அப்படித்தான். கப்பலில் வேலைமுறைக்கு வாட்ச் என்று பெயர். இரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், 4 முதல் 8 வரை மார்னிங். மாலை 4 முதல் 8 வரையுள்ள நேரத்தை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்து இரண்டு டாக் வாட்ச் ஆக்குவார்கள். அப்போதுதான் ஒரு நாளைக்கு ஏழு வாட்ச் என்று ஒற்றைப்படையாகி, ஒரே ஆள் தினமும் நடுச்சாமத்தில் மாட்டிக்கொள்ளாமல் முறை நகரும்.

இன்னொன்று, உயிரோடு இருக்கும் அவருடைய சகாக்களுக்காக. நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்தது ஆஸ்பெஸ்டாஸ். பழுதுபார்க்க அதை உரித்துத்தான் ஆகவேண்டும். அந்தத் தூசியின் நோய் 20, 30, 40 ஆண்டு கழித்தும் வரும். மூச்சுத்திணறல், தொடர் இருமல் என்று போனால் டாக்டரிடம் "கொதிகலன் அறை" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "நேவி" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது தோன்றாது.

மேல்தளம்:
பதக்கங்களை வரிசையாக வைத்துப் படம் எடுப்பார்கள். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-இல் கிழக்கில் இருந்தவர், பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கில். விக்ராந்தோடு போரில் நின்றவருக்குப் பூர்விதான் பொருந்தும். மாறி இருந்தால் அந்த ஆண்டு வேறு கப்பலில் இருந்திருக்கிறார் என்று புத்தகத்தைத் திரும்பப் புரட்டுங்கள்.

தேசியக் கொடி பற்றியும் வீட்டாரிடம் சொல்லிவைப்பது நல்லது. அரசு, ராணுவ அல்லது மத்தியத் துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச்சடங்கைத் தவிர வேறெங்கும் அதைப் போர்வையாகப் பயன்படுத்தக் கூடாது. அந்த மரியாதையில் காவி தலைப்பக்கம் வர வேண்டும், கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. படத்துக்குக் கொடியைச் சுற்றிவிடலாம் என்று நண்பர்கள் ஆசையாக வருவார்கள். பூமாலை போதும்.

கடலோடி:
புத்தகம் கிடைத்தது. விக்ராந்த் இரண்டு முறை, நடுவில் சிவாஜி. ரிப்பன் பூர்விதான். கடைசி வரி ராஜ்புத், 1981. 1971-இல் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியைத் தேடிப் போன அதே ராஜ்புத்தா?

லோனாவாலா:
இல்லை. விசாகப்பட்டினத்தில் அந்த வேலை செய்த பழைய ராஜ்புத் 1976-லேயே விடைபெற்றுவிட்டது. இது 1980-இல் சோவியத்திலிருந்து வந்தது. ஓட்டம் முழுக்க கேஸ் டர்பைன், கப்பலை நகர்த்த நீராவியே கிடையாது. வாழ்நாளெல்லாம் கேஜ் கிளாஸைப் பார்த்தவர் நாற்பது வயதுக்குமேல் புது எஞ்சின் படித்திருக்கிறார். மலரில் "கடைசிவரை கொதிகலன் அறையில்" என்று போட்டுவிடாதீர்கள்.