வெள்ளை எள்ளுல கறுப்பு எள்ளு கிராஸ் போட்டேன், விதை அத்தனையும் வெள்ளை. ஃபெயிலா?

பெகு தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு பர்மால பெகு, இப்ப மக்வே பக்கம் எள்ளுல வேலை பாக்குறேன். வெள்ளை எள்ளைத் தாயா வச்சு சமோன்ங்கிற கறுப்பு எள்ளு ரகத்தோட மகரந்தம் போட்டேன். 40 பூவுல 11 காய்தான் நின்னுச்சு, பிரிச்சா விதையெல்லாம் வெள்ளை. கூட இருக்கவங்க கிராஸ் ஆகல, தூக்கிப் போடுங்கறாங்க. தினம் சாயங்காலம் குனிஞ்சு நின்னு மொட்டுலருந்து மகரந்தப் பைய உருவுனது, மனசு வரல. டிஎன்ஏ மார்க்கர் (தாய் தகப்பன அடையாளம் காட்டுற டிஎன்ஏ இடம்) வச்சுப் பாத்தா தெரியுமாமே, எப்படிங்க?

ரங்கூன் அக்கா:
தம்பி, தூக்கிப் போட்டுறாத! விதைத் தோலு தாயோட திசு. உள்ள இருக்கிற கரு கலப்பா இருந்தாலும் தாய் வெள்ளைன்னா தோலும் வெள்ளைதான். இத நட்டு அந்தச் செடி காய்ச்சாத்தான் தோல் நிறத்துல தெரியும், அதுக்குள்ள ஒரு போகம் போயிரும். மார்க்கர்னா நாத்து நாலு இலை விட்டாலே போதும்.

எஸ்எஸ்ஆர் எடு, டிஎன்ஏல சின்னக் கோர்வை திரும்பத் திரும்ப வர்ற இடத்தப் பாக்குற மார்க்கர் அது. முதல்ல தாய் தகப்பன் ரெண்டையும் ஓட்டிப் பாத்து, ஜெல்லுல வேற வேற உயரத்துல பேண்டு (டிஎன்ஏ கோடு) காட்டுற பிரைமர (அந்த இடத்தப் பிடிச்சு நகலெடுக்க வைக்கிற சின்ன டிஎன்ஏ துண்டு) மட்டும் வச்சுக்க. தாய்க்கு 180 பேஸ் நீளம், தகப்பனுக்கு 200ன்னு வை, நெசமான எஃப்1ல (முதல் தலைமுறைக் கலப்புல) ரெண்டுமே நிக்கும், 180 மட்டும் நின்னா தன் மகரந்தத்துலயே பிடிச்சது. 200 மட்டும் வந்தா விதை எங்கயோ மாறிப்போச்சு, பாக்கெட்டப் பாரு. ஜெல்லுல ஒரு லேன்ல (வரிசைல) தாய் தகப்பன் டிஎன்ஏவ சரிபாதி கலந்து ஓட்டு, எஃப்1 எப்படித் தெரியணும்னு பக்கத்துலயே வச்சுப் பாத்துக்கலாம். ஒத்த பிரைமர நம்பாத, தேனீ வேற செடி மகரந்தத்தக் கொண்டாந்திருந்தாலும் அதே பேண்டு வரலாம், மூணு பிரைமராவது பாரு.

மாந்தலை லேப்காரன்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனா எள்ளு இலை கொழகொழன்னு இருக்கும், அதுல உஷாரு. நான் முத்துன இலைல எடுத்து, டியூப் அடியில ஜெல்லி மாதிரி உக்காந்துக்கிச்சு, பிப்பெட்ல ஏறவே இல்ல, பிசிஆரும் (டிஎன்ஏவ நகலெடுக்குறது) ஓடல. இளந்தளிரா கிள்ளுங்க, சிடாப் பஃபர்ல (டிஎன்ஏவப் பிரிச்செடுக்குற கரைசல்) உப்பக் கூட்டி பிவிபி பவுடர் சேத்துக்கங்க. கரண்டு இருக்கிற இருப்புக்கு இலைய ஃப்ரிட்ஜ நம்பி வைக்காதீங்க, சிலிக்கா ஜெல்ல போட்டுக் காயவச்சிருங்க. பிசிஆர் பாதில கரண்டு போயி ஒரு பிளேட்டே வீணாப்போச்சு எனக்கு, யுபிஎஸ் இல்லாம மெஷினத் தொடாதீங்க.

பெகு தம்பி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். தாய்ச்செடி காஞ்சே போச்சு அக்கா, அதே ரகத்துல வேற செடி இலைய எடுத்துக்கட்டுமா?

ரங்கூன் அக்கா:
அது மட்டும் பத்தாது தம்பி. அந்தத் தாய்ச்செடியே முன்னாடி கலந்ததா இருந்தா அதுலயே ரெண்டு பேண்டும் இருக்கும், நீ கிராஸ் ஆயிருச்சுன்னு ஏமாந்துருவ. அதே செடில நீ கை வைக்காத பூவு தானா காய்ச்சது இருக்கும்ல, அதுல ஒரு 10 விதைய முளைக்க வச்சு சேத்து ஓட்டு. எல்லாத்துலயும் 180 மட்டும் நின்னா தாய் சுத்தம்.

பெகு தம்பி:
இருக்கு அக்கா, தட்டையோட ஒரு கொத்து தனியா கட்டித் தொங்கவிட்டிருக்கேன். இன்னைக்கே நனைச்சு வச்சிர்றேன்.