மவுண்ட் எல்பர்ட் அடிவாரத்தில் கட்டணமில்லாமல் கூடாரம் அடிக்க இடம் கண்டுபிடிப்பது எப்படி? உதவி தேவை

தொலைநடை (டல்லாஸ்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஜூலை மாதம் நானும் என் மைத்துனரும் கொலராடோவில் மவுண்ட் எல்பர்ட் சிகரம் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும் என்பதால், லெட்வில் ஊரில் விடுதி எடுப்பதைவிட, வடக்குப் பாதை தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே தேசிய வனத்துக்குள் கூடாரம் அடித்துத் தங்குவது வசதி என்று நினைக்கிறோம். கழிப்பறை, குழாய், மேசை எதுவும் இல்லாத வெறும் நிலமாக இருந்தாலும் பரவாயில்லை.

சிக்கல் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. சென்ற கோடையில் அதே வட்டாரத்தில் முயன்றபோது, கைபேசி வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த பகுதிக்குள் சென்ற சாலை பூட்டிய இரும்புக் கதவில் போய் முடிந்தது. ஒரு செயலியில் யாரோ குறித்து வைத்திருந்த இன்னொரு இடத்துக்குப் போனால், பைன் மரத்தில் ‘தனியார் நிலம், உள்ளே வரக் கூடாது’ என்ற பலகை அறைந்திருந்தது. அதற்குப் பிறகு கண்ணில் பட்ட நல்ல இடங்களில் எல்லாம் ஏற்கெனவே கூடாரங்கள் இருந்தன. இத்தகைய இடங்களை வீட்டில் இருந்தபடியே முறையாகத் தேடி உறுதி செய்ய வழி உண்டா?

ஓடைக்கரை (டென்வர்):

வணக்கம் நண்பரே. பதில் சொல்லும் முன் சில விவரங்கள் வேண்டும். நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது வாரத்தின் எந்த நாள், எந்த நேரம்? என்ன வண்டி? வனத்துறை வெளியிடும் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை, அதாவது எம்.வி.யூ.எம். எனப்படுவதை, பார்த்தீர்களா?

தொலைநடை:

வெள்ளிக்கிழமை இரவு, நன்றாக இருட்டிய பிறகு. வாடகைக்கு எடுத்த சாதாரண செடான் கார். இம்முறையும் அநேகமாக அதுதான். நீங்கள் சொல்லும் வரைபடத்தைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஓடைக்கரை:

அப்படியானால் உங்களுக்கு நேர்ந்த மூன்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சை நிறம். கைபேசி வரைபடம் தேசிய வனம், தேசியப் பூங்கா, மாநில வனவிலங்குப் பகுதி, நகரப் பூங்கா எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே பச்சையைப் பூசிவிடும். ஆனால் விதிகள் முற்றிலும் வேறு. தேசிய வனத்தில், தடை அறிவிக்கப்படாத இடங்களில், பொதுவாக 14 நாள்வரை கட்டணமில்லாமல் தங்கலாம். ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவிலோ அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓர் இரவுகூடத் தங்க முடியாது. வனத்துக்குள்ளேயே விதிவிலக்குகளும் உண்டு: இந்தியன் பீக்ஸ் வனாந்தரத்தில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம், கிரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் 2021 முதல் எண் பலகை நட்ட இடங்களில் மட்டுமே தங்க முடியும். கூட்டம் பெருகப் பெருக இந்த ஏற்பாடு மற்ற இடங்களுக்கும் பரவி வருகிறது. ஆகவே பழைய வலைப்பதிவுகளையும் செயலிக் குறிப்புகளையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது பூட்டிய கதவு. 2005-ஆம் ஆண்டு வந்த விதியின்படி, ஒவ்வொரு தேசிய வனமும் எந்தெந்தச் சாலைகளில் வண்டி ஓட்டலாம் என்பதை எம்.வி.யூ.எம். வரைபடத்தில் காட்ட வேண்டும். அதில் இல்லாத சாலை, தரையில் கண்ணுக்குத் தெரிந்தாலும், தடுப்பே இல்லாமல் திறந்து கிடந்தாலும், வண்டிக்கு மூடப்பட்டதாகவே பொருள். பலகை இல்லையே என்று வாதாட முடியாது. பார்த்துக்கொள்ள வேண்டியது ஓட்டுபவரின் பொறுப்பு. வரைபடம் இலவசம். கறுப்பு வெள்ளையில், மரமோ மேடு பள்ளமோ காட்டாமல், பார்ப்பதற்கு மிக வறட்சியாக இருக்கும். அவென்சா செயலியில் இறக்கிக்கொண்டால், தொடர்பு இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தை அதன்மேல் ஒரு புள்ளியாகக் காட்டும்.

அதைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். சில சாலைகளின் இருபுறமும் சிறு புள்ளிகள் வரிசையாகப் போட்டிருக்கும். அங்கே கூடாரம் அடிப்பதற்காகச் சாலையை விட்டுக் குறிப்பிட்ட தூரம்வரை வண்டியை உள்ளே கொண்டுபோகலாம் என்பது அதன் பொருள். அந்தத் தூரம் வனத்துக்கு வனம் மாறும், 300 அடி என்பதைப் பல இடங்களில் காணலாம். சரியான அளவு வரைபடத்தின் ஓரத்திலுள்ள குறிப்பிலேயே அச்சாகியிருக்கும். மற்றொன்று, சாலை எண்களுக்கு எதிரே தேதிகள் கொண்ட அட்டவணை. ஜூன் நடுவில் திறக்கும் சாலைக்கு ஜூன் தொடக்கத்தில் போனால் கதவு பூட்டித்தான் இருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

தனியார் நிலம் லெட்விலுக்கே உரிய சிக்கல். 1870-களின் வெள்ளி வேட்டையின்போது, 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ், மலைச்சரிவுகளில் ஏராளமான நிலங்கள் தனியாருக்குப் பட்டாவாயின. அவை இன்றும் வனத்தின் நடுவே தீவுகளாகக் கிடக்கின்றன. எம்.வி.யூ.எம். இதில் பெரிதாக உதவாது. கால்டோப்போ, காயா, ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலிகளில், எந்த நிலம் யாருடையது என்று காட்டும் நில உரிமை அடுக்கை இயக்கிப் பாருங்கள். நீண்டு ஒடுங்கிய செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடப்பதைக் கண்டால், அது பழைய சுரங்கப் பட்டா நிலம் என்று ஒதுங்கிவிடலாம்.

இவ்வளவும் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதற்கு. படுக்க இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குச் சமவுயரக் கோட்டு வரைபடத்தை எடுத்து, கோடுகள் நன்றாக விலகி நிற்கும் தட்டையான இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பே பலர் தங்கிய இடம் சாலையிலிருந்து பிரியும் குட்டையான தடமாகவும், அதன் முடிவில் வெளிறிய மண் திட்டாகவும் தெரியும். புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்குவதைவிட, அப்படி ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் தங்குவதே காட்டுக்கு நல்லது.

கிழக்குச்சரிவு (கொலராடோ ஸ்பிரிங்ஸ்):

ஓடைக்கரை சொன்னதோடு வண்டியைப் பற்றி ஒன்று. வனச்சாலை பிரியும் இடத்தில் எண் பலகை நட்டிருப்பார்கள். எண் கிடைமட்டமாக எழுதியிருந்தால் சாதாரண கார் போகும் அளவுக்குப் பராமரிக்கும் சாலை. மெல்லிய பழுப்புக் கம்பத்தில் இலக்கங்கள் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தால், அடித்தளம் உயர்ந்த வண்டிக்குத்தான் அது. இரவில் விளக்கொளியில் அந்தக் கம்பத்தைக் கவனிக்காமல் செடானைத் திருப்பியவர்கள் பலர்.

எல்பர்ட் வடக்குப் பாதைக்குப் போகும் ஹாஃப்மூன் சாலை மண்சாலைதான். ஆனால் காய்ந்த கோடை நாளில் பாதைத் தொடக்கம்வரை செடான் மெதுவாகப் போய்விடும். அதற்கு மேலே மேற்கு நோக்கி முயல வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலையில் ஓட்டக் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அங்கே பழுதாகி நின்றால் இழுவைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பைன்நிழல் (போல்டர்):

எனக்குச் சற்று வேறு கருத்து. இருவருமே சாலையை விட்டு வெளியே வராமல் பேசுகிறீர்கள். எல்லோரும் கார் போகும் இடத்தைத் தேடுவதால்தான் அந்த இடங்கள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நிரம்பிவிடுகின்றன. சகோதரரே, நீங்கள் இருவரும் 14,400 அடிக்கு மேலுள்ள சிகரத்துக்கு ஏறப் போகிறவர்கள். முதுகுப்பையோடு ஒரு மைல் நடப்பது உங்களுக்குப் பெரிதல்ல.

எல்பர்ட் வடக்குப் பாதை தொடக்கத்தில் டென்வரிலிருந்து டுராங்கோவரை செல்லும் கொலராடோ டிரெயிலோடு சேர்ந்தே போகிறது. ஆரம்பத்தில் ஏற்றமாக இருந்தாலும், பிறகு லாட்ஜ்போல் பைன் காட்டுக்குள் மேடு தட்டையாகும் இடங்கள் வருகின்றன; சிகரப் பாதை பிரிவதும் அந்தப் பக்கத்தில்தான். பாதையிலிருந்தும் நீரிலிருந்தும் 200 அடி, அதாவது பெரியவர் நடையில் ஏறத்தாழ 70 எட்டு, உள்ளே தள்ளிப் போய்க் கூடாரம் அடித்தால் காரின் சத்தமோ விளக்கோ எட்டாது. விடியற்காலையில் அந்த முதல் ஏற்றமும் மிச்சம். காரைப் பாதைத் தொடக்கத்தில் விடுவதற்கு முன் அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள். அதே சாலையிலிருந்து தொடங்கும் மவுண்ட் மாசிவ் வனாந்தரப் பகுதிக்குள் போவதாக இருந்தால், நுழைவிடத்தில் இலவசப் பதிவுச் சீட்டை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

கூடாரம் அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்டைவண்டு தாக்கிப் பட்டுப்போன பைன் மரங்கள் கொலராடோ முழுவதும் நின்றபடியே இருக்கின்றன. காற்று வீசினால், முன்னறிவிப்பே இல்லாமல் சாயும். தரை எவ்வளவு தட்டையாக இருந்தாலும் அந்த மரங்களின் அடியில் படுக்கக் கூடாது.

தொலைநடை:

மிக்க நன்றி. நடந்து உள்ளே போய்த் தங்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மைத்துனருக்கும் அதுவே பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். அங்கே தண்ணீருக்கு என்ன செய்வது? சமையலுக்கு விறகு மூட்டலாமா? புளிசாதத்தோடு முட்டை வறுவலாவது செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

கிழக்குச்சரிவு:

தண்ணீரை அடிவாரத்தில் ஹாஃப்மூன் ஓடையிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். மேட்டின் மேல் நம்பத் தகுந்த நீர் கிடைக்காமல் போகலாம். ஜியார்டியா கிருமி இருக்கும் என்று கருதி வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். ஆனால் வடிகட்டி கிருமியைத்தான் நிறுத்தும், கரைந்த உலோகத்தை நிறுத்தாது. லெட்விலை ஒட்டிய கலிபோர்னியா கல்ச் பகுதி சுரங்கக் கழிவால் கெட்டு, 1983-இலேயே மத்திய அரசின் நச்சுக் கழிவிடப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே அந்த வட்டாரத்தில் எந்த ஓடையானாலும், கற்களில் ஆரஞ்சு நிறப் படிவு தெரிந்தால், அல்லது மேலே பழைய சுரங்கக் குவியல் இருந்தால், அந்த நீரைத் தொட வேண்டாம். முதல் நாளுக்கான நீரை ஊரிலிருந்தே கேனில் கொண்டுவந்து காரில் வைத்துக்கொள்வது இன்னும் நிம்மதி.

பைன்நிழல்:

விறகுத் தீ வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கோடையில் வறட்சி மிகும்போது முதல் நிலைத் தீத் தடை வரும். அப்போது கட்டணக் கூடார மைதானங்களில் நிலையாகப் பதித்த இரும்பு அடுப்புகளைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது. இரண்டாம் நிலையில் அதுவும் இல்லை. திருகி அணைக்கும் வசதியுள்ள எரிவாயு அடுப்பு பொதுவாக இரண்டிலும் அனுமதிக்கப்படுகிறது. தடை ஆணையின் வாசகத்தை ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். 2020-இல் கேமரூன் பீக் தீ 2 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த மாநிலம் இது. ரேஞ்சர்கள் இதில் தயவு காட்டுவதில்லை.

முட்டை வறுவலைப் பற்றி: கூடாரத்துக்குப் பக்கத்தில் தாளிக்காதீர்கள். அங்கே கருங்கரடிகள் உண்டு. நம் சமையல் மணம் நெடுந்தூரம் போகும். சமைப்பதையும், உணவை வைப்பதையும், பற்பசை உட்பட மணமுள்ள பொருள்களையும் கூடாரத்திலிருந்து 200 அடி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவர்களுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வரும், கரடியால் திறக்க முடியாத உணவுக் குடுவையே எளிது. 10,000 அடி உயரத்துப் பைன் மரத்தில் பையைத் தொங்கவிட உறுதியான கிளை கிடைப்பது அரிது. புளிசாதத்தோடு நிறுத்திக்கொண்டால் பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை.

ஓடைக்கரை:

பைன்நிழல் சொன்னது உங்கள் இருவருக்கும் பொருந்தும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். அதே சாலையில் எல்பர்ட் கிரீக், ஹாஃப்மூன் என்ற கட்டணக் கூடார மைதானங்கள் இருக்கின்றன. மழையோ தலைவலியோ வந்தால் அங்கே ஒதுங்கலாம். தலைவலியைச் சும்மா சொல்லவில்லை. டல்லாஸிலிருந்து நேராக வந்து, உடல் உயரத்துக்குப் பழகும் முன்பே 10,000 அடியில் படுத்தால் பலருக்குத் தூக்கமே வராது. முதல் இரவை 8,000 அடியளவில் உள்ள பியூனா விஸ்டா பக்கம் கழித்துவிட்டு மறுநாள் மேலே வருவது நல்லது.

நாளையும் மாற்றிக்கொள்ளுங்கள். புதன் அல்லது வியாழன் பகலிலேயே வந்துவிட்டால், பிடித்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பயணம் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போனால் லெட்வில் 100 மைல் பந்தயங்கள் நடக்கும் வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது ஊரிலும் காட்டிலும் இடமே இருக்காது.

தொலைநடை:

அப்படியே செய்கிறோம். செவ்வாய் இரவு பியூனா விஸ்டா, புதன் மாலைக்குள் காட்டுக்குள் கூடாரம், வியாழன் அதிகாலை சிகரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். எம்.வி.யூ.எம். இறக்கிவிட்டேன், நில உரிமை அடுக்கையும் பார்த்தேன். சென்ற ஆண்டு நாங்கள் திரும்பி வந்த இடம், நீங்கள் சொன்னது போலவே, அந்த ஒடுங்கிய செவ்வகங்களுக்கு நடுவேதான் இருக்கிறது.

ஓடைக்கரை:

நல்லது. கிளம்பும் வாரத்தில், அலுவலக நேரத்துக்குள், லெட்விலில் உள்ள வனத்துறை ரேஞ்சர் அலுவலகத்தை ஒரு முறை தொலைபேசியில் அழைத்து மூன்றை மட்டும் கேளுங்கள்: ஹாஃப்மூன் சாலையில் தங்குவதற்குப் புதிய கட்டுப்பாடு ஏதும் உண்டா, தீத் தடை எந்த நிலையில் இருக்கிறது, பாதைத் தொடக்கத்தில் இரவு முழுவதும் காரை விடலாமா. சிகரத்திலிருந்து நண்பகலுக்கு முன்பே இறங்கி மரங்களுக்குள் வந்துவிடுங்கள். ஜூலையில் பிற்பகல் இடி அங்கே அன்றாட நிகழ்வு.