மறு: லைன், பைப், ஹோஸ் – மூன்றுக்கும் ‘எரிபொருள் குழாய்’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை வீட்டிலேயே பழுது பார்ப்பது பற்றிய தமிழ்க் கையேட்டுக்கு நான் எழுதிய அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. வந்த மடல்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்லைப் பற்றியவை. அதற்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

> எரிபொருள் குழாய் என்றாலே எல்லோருக்கும் புரியுமே. எதற்கு மூன்று சொற்கள்?

ஐயா, முதல் வரைவில் நானும் ‘குழாய்’ என்றுதான் எழுதியிருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் 1973 போர்ஷே 914-இல் வேலையை ஆரம்பித்தபோதுதான் அது போதாது என்று புரிந்தது.

இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருக்கிறது, எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, இருக்கைகளுக்கு இடையில், தரையோடு தரையாக ஒரு மூடிய கூடு ஓடுகிறது. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் போவது அதற்குள்தான். அவற்றோடு இரண்டு பிளாஸ்டிக் குழாய்களும் போகின்றன. ஒன்று பெட்ரோலைக் கொண்டுபோகும், மற்றது மிஞ்சியதை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். அந்தக் குழாய்களின் இரண்டு முனைகளிலும் ரப்பர் ஹோஸ். ஆக, ஒரே பாதையில் இரண்டு வேறு பொருள்கள், இரண்டும் கெடுவது வேறு வேறு விதமாக. பிளாஸ்டிக் காய்ந்து மொறுமொறுப்பாகி, லேசாக வளைத்தாலே ஒடிகிறது. ரப்பரோ மேலே துணிப்பின்னலோடு நன்றாகத்தான் தெரியும், உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். ஐம்பது ஆண்டு உழைத்த பொருள்கள், அவற்றைக் குறை சொல்ல முடியாது.

இப்போது “எரிபொருள் குழாயை மாற்றவும்” என்று எழுதினால் என்ன நடக்கும்? படிப்பவர் எஞ்சின் பக்கம் கண்ணுக்குத் தெரியும் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். கூட்டுக்குள் கிடப்பது அப்படியே இருக்கும். இந்தக் காரில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் எரிபொருள் செலுத்தமைப்பு (ஃபியூயல் இஞ்செக்‌ஷன்), அழுத்தம் சுமார் 2 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்புரேட்டர் காரில் இதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். அங்கே கசிந்தால் சொட்டும், இங்கே விரிசல் விட்டால் பீய்ச்சி அடிக்கும், அதுவும் சூடான எஞ்சின் மேல். 914 வைத்திருப்பவர்கள் தீ என்ற பேச்சை எடுத்தாலே முதலில் இந்தப் பாதையைத்தான் நினைப்பார்கள். ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது அதனால்தான்.

> ஹோஸுக்கு ‘நெகிழ்குழாய்’ ஏற்கெனவே இருக்கிறதே.

அக்கா, பொதுவாக நல்ல சொல்தான், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸுக்கு எனக்கும் அதுவே போதும். ஆனால் இங்கே பாருங்கள்: பிளாஸ்டிக்கை ‘நெகிழி’ என்கிறோம். அப்படியானால் கூட்டுக்குள் போவது நெகிழிக் குழாய், அதன் முனையில் மாட்டுவது நெகிழ்குழாய். ஓர் எழுத்து தள்ளி இரண்டு பொருள்கள். கையில் பெட்ரோல் வடிய, டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. அதுவும் நெகிழிக் குழாய்தான் நெகிழாமல் விறைத்துக் கிடக்கிறது!

‘வளைகுழாய்’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். வளைவது ஹோஸ் மட்டும் இல்லையே. புதிதாகப் போடும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயையும் கருவி வைத்து வளைத்துத்தான் கூட்டுக்குள் செலுத்துகிறோம். ‘தூம்பு’ எனக்கு மிகப் பிடித்த சொல். சங்க இலக்கியத்தில் அது ஊதும் கருவி, ஏரிக்கரையில் தண்ணீர் திறக்கும் வாய். ஆனால் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குத் தூம்பு என்றால் கல்லும் சுண்ணாம்பும்தான் நினைவுக்கு வரும், ரப்பர் வராது. மனமில்லாமல்தான் விட்டேன்.

என் முன்மொழிவு ‘துவள்குழல்’. விறைப்பில்லாமல் துவண்டு கொடுப்பது என்ற பொருள் அதில் தானாகவே வருகிறது. குழாய் என்பதற்குப் பதில் குழல் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பட்டறையில் யாரும் முழுச் சொல்லையும் சொல்லப்போவதில்லை. “குழலை எடு, குழாயை எடு” என்று சுருக்கினாலும் இரண்டும் காதுக்கு வேறாகக் கேட்க வேண்டும். துப்பாக்கிக் குழலும் புல்லாங்குழலும் விறைப்பானவைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதனால்தான் ‘துவள்’ என்ற முன்பாதியைக் கையேட்டில் எங்கேயும் விடப்போவதில்லை.

அடுத்தது லைன். டேங்கிலிருந்து எஞ்சின் வரை குழாய், துவள்குழல், வடிகட்டி, கவ்வி எல்லாம் சேர்ந்த முழுத் தொடருக்கு ஒரு பெயர் வேண்டும். ‘எரிபொருள் வழி’ என்றால் ‘எரிபொருள் மூலமாக’ என்று படித்துவிடலாம். ‘எரிபொருள் தடம்’ கார்பன் தடத்தை நினைவூட்டுகிறது. ரயில்வே லைனை நாம் எப்போதோ ‘ரயில் பாதை’ ஆக்கிவிட்டோம். அதே வழியில் ‘எரிபொருள் பாதை’ என்று வைத்தால் புதிதாக யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

கிளாம்ப்புக்குக் கவ்வி என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைக்கும் வேப்பர் லாக்குக்கு ‘ஆவியடைப்பு’. சரி, இவை இரண்டையும் முடிந்ததாகவே வைத்துக்கொள்வோம்.

இந்தச் சொற்களோடு திருத்திய பத்தி இது:

“பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் சிறுசுடரை அணைத்துவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டேங்கைக் காலி செய்த பிறகு எரிபொருள் பாதை முழுவதையும் பாருங்கள், ஒரு பகுதியை மட்டும் மாற்றி நிறுத்த வேண்டாம். கூட்டுக்குள் இருக்கும் இரண்டு நெகிழிக் குழாய்களுக்கும் பதிலாக எஃகுக் குழாய் போடுங்கள். துவள்குழல் வாங்கும்போது அதன் மேல் ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்7 கார்புரேட்டரின் குறைந்த அழுத்தத்துக்கானது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவைக்கும், ஆர்9-இன் உட்பூச்சு அதைத் தாங்கும். பட்டையில் வெட்டுத்துளைகள் உள்ள திருகுக் கவ்வி ரப்பரை அறுக்கும். துளையில்லாத பட்டைக் கவ்வியே போடுங்கள். முடித்ததும் டேங்கில் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை மறுபடி இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் நாலைந்து முறை திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கும். அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் மேலே போகாதீர்கள்.”

அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால், இந்தியாவில் இப்போது 20 என்பதால் அங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ரப்பர் பற்றிய இந்த இடம் பயன்படும்.

‘எரிபொருள் செலுத்தமைப்பு’ எனக்கே திருப்தியாக இல்லை. இஞ்செக்‌ஷனுக்கு மருத்துவத்தில் ‘ஊசி’ என்கிறோம், அது இங்கே ஒட்டாது. ‘பீய்ச்சல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ஆனால் மேலே கசிவுக்கே ‘பீய்ச்சி அடிக்கும்’ என்று எழுதிவிட்டேனே. வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்கப்புறம் அத்தியாயத்தை மெய்ப்புக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
914 அத்தியாயம் எழுதியவன்