புதுப்பிப்பு: மின்சுற்றுப் பாடத்துக்கு நிஜ பல்பா, கணினித் திரையா?

ஆசிரியர் பயிற்சியில் மின்சுற்றுப் பாடத்தை நிஜ கம்பி, பல்பு வைத்து நடத்துவதா, கணினியிலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் நிஜ பல்பு. அதைக் கடந்ததும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்றே பலரும் சொன்னார்கள். அப்புறம், கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய, அறிவியல் சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) திட்டத்தின் மின்சுற்றுக் கருவியைத் திறந்தேன். பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதைப் பார்த்த ஒரு மாணவி, “அப்போ பல்பு எதைத்தான் எடுத்துக்குது?” என்றாள். ஆற்றலைப் பற்றிப் பேச இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது!

சிலர் யோசிக்காமல் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அடுத்த முறை, திரையைத் திறக்கும் முன்பே விடையை ஊகித்து எழுதச் சொல்வேன். நிஜ பல்பையும் விடமாட்டேன். தளர்ந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்கக் கை பழக வேண்டும்.