புத்தக முதுகுக்குள் லத்தீன் தோல் துண்டு: அடையாளம் காண உதவுங்கள்

1560களில் சுவிட்சர்லாந்தின் பாசலில் அச்சான புத்தகம். முதுகுத்தோல் ஒரு முனையில் பெயர்ந்து, உள்ளே தாங்கலுக்கு ஒட்டிய எழுத்துத்தோல் பட்டை தெரிகிறது: 14 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். லத்தீன் வரிகளுக்கு மேல், கோடுகளில் லாட ஆணி மாதிரியான இசைக்குறிகள். இந்த வகைக் குறி ஜெர்மானியப் பகுதிகளில் வழங்கியது, அதனால் ஏடு அங்கே எழுதியது என்று நினைக்கிறேன். கிறித்தவச் சீர்திருத்தக் காலத்தில் பயனற்றுப்போன வழிபாட்டு நூல்களை பைண்டர்கள் இப்படித்தான் நறுக்கினார்கள். லேசில் கிழியாத தோல், விடுவார்களா?

தொடராகப் படிக்க முடிவது ‘ரொராத்தே சேலி’ (‘வானங்களே, பனி பொழியுங்கள்’) மட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத் திருப்பலியின் வருகைப் பல்லவியிலும் (தொடக்கப் பாடல்) இது வரும், மாலை வழிபாட்டிலும் வரும். பின்னால், வருகைப் பல்லவியில் தொடரும் ‘சேலி எனாரந்த்’ என்ற சங்கீத அடி இருந்தால் திருப்பலிப் பாடல் நூல் என்று சொல்லிவிடலாம். சரியாக அந்த இடத்தில்தான் பசை அப்பியிருக்கிறது.

நனைத்துப் பெயர்க்க மட்டும் சொல்லாதீர்கள். தோல் சுருங்கும், மை பொரிந்து உதிரும். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் மை கறுத்துத் தெரிகிறது, ஆனால் விலங்குப் பசையும் கூடவே ஒளிர்ந்து எழுத்தை மறைக்கிறது. அகச்சிவப்பில் இரும்பு மையே காணாமல் போகும்.

கேமராவில் எந்த வடிகட்டி போட்டால் பசையின் ஒளிர்வு அடங்கும்? லத்தீன் ‘de’, ‘po’ ஜோடிகளில் இரண்டு எழுத்துகளின் வளைவுகளும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. இதை வைத்து 14ஆம் நூற்றாண்டா 15ஆ என்று பிரிக்க முடியுமா? படங்கள் கீழே, அளவுகோலுடன்.